பூட்டிக் கிடந்த வீட்டில் போர்த் தண்ணீர்: அறிகுறியை வைத்துக் கோளாறு பார்க்கும் முறை

செட்டிநாட்டில் போர்த் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பற்றிய புலம்பல் ஆண்டு முழுவதும் சீராக வருவதில்லை. படைப்பு, கல்யாணம், அறுபதாம் கல்யாணம் என்று ஏதாவது ஒரு விசேஷத்துக்காகச் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து இறங்கி, மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து மோட்டாரைப் போடும்போதுதான் எல்லாம் ஒரே நாளில் தெரியவரும். முதல் வாளி செம்மண் நிறத்தில் விழும், அல்லது மூக்கைப் பொத்த வைக்கும். உடனே யாரையாவது கூப்பிட்டு ஒரு சுத்திகரிப்பு இயந்திரத்தை வாங்கி மாட்டிவிடுவார்கள். நோய் என்னவென்று பார்ப்பதற்கு முன்பே மருந்து.

கண்ணையும் மூக்கையும் நாக்கையும் உறுத்துகிற தண்ணீரில் பெரும்பகுதி எரிச்சலூட்டுமே தவிர, உடம்பைப் பெரிதாகக் கெடுக்காது. கெடுப்பவை தெளிவாக, வாசனையில்லாமல், குடிக்கத் தித்திப்பாக இருக்கும். ஆகவே கண்ணில் படும் அறிகுறிகளை முதலில் பார்த்து முடித்துவிட்டு, அறிகுறியே காட்டாதவற்றுக்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் மூன்று தம்ளர்

எந்தப் புகாராக இருந்தாலும் முதல் வேலை மோட்டாரை ஓட விடுவதுதான். ஆறரை அங்குல போரில் அடிக்கு ஏறத்தாழ ஆறரை லிட்டர் தண்ணீர் நிற்கும். 200 அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 1300 லிட்டர். மாதக்கணக்கில், போருக்குள் இறக்கிய கேசிங் குழாயின் துருவோடும் இருட்டோடும் தேங்கி நின்றது அது. அதை வெளியேற்றாமல் தண்ணீரைக் குறை சொல்வது நியாயமில்லை. அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை, மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றாமல், கொல்லையில் திறந்து விடுங்கள்.

பிறகு மூன்று கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் பிடியுங்கள். ஒன்று போரின் வாயிலேயே, ஒன்று மேல்நிலைத் தொட்டியிலிருந்து, ஒன்று அடுப்படிக் குழாயில். மூன்றிலும் ஒரே குறை இருந்தால் கோளாறு போரில். முதல் தம்ளர் சுத்தமாகவும் மற்ற இரண்டும் கெட்டும் இருந்தால் தொட்டியில். அடுப்படித் தம்ளர் மட்டும் கெட்டிருந்தால் துத்தநாகம் பூசிய பழைய இரும்பு (ஜி.ஐ.) குழாயிலோ குழாய்த் தலையிலோ. இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை. ஆனாலும் பலர் இதைச் செய்யாமல் போரையே தூர்வாரச் சொல்லி ஆளைக் கூப்பிடுகிறார்கள், கடைசியில் தொட்டிக்குள் செத்த பல்லி கிடக்கும்.

பிடிக்கும்போது தெளிவு, வைத்தால் மஞ்சள்

கரைந்த இரும்பு. நிலத்தடியில் காற்றுப் படாமல் இருக்கும்வரை அது நிறமற்றது. வெளியே வந்து காற்றுப் பட்டதும் துருவாகி, ஒரு மணி நேரத்திலோ இரவுக்குள்ளோ மஞ்சளாகி அடியில் படியும். காரைக்குடியைச் சுற்றிய செம்பறாங்கல் பூமியில் இது வியப்பில்லை. மண்ணுக்கு அந்தச் சிவப்பைக் கொடுத்ததே இரும்புதான்.

வீட்டிலேயே உறுதி செய்ய ஒரு சிட்டிகை கடுக்காய்ப் பொடியையோ கசக்கிய கொய்யா இலையையோ தம்ளரில் போட்டுப் பாருங்கள். இரும்பு இருந்தால் தண்ணீர் நீலங்கலந்த கருமையாக மாறும். இந்தத் தண்ணீரில் தேநீர் போட்டால் மை மாதிரி வருவதும் இதே காரணத்தால்தான். சோறு பழுப்பேறும், வெள்ளை வேட்டி ஒரு துவைப்பில் காவியாகும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, இப்போது இரும்புக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதற்குச் சற்று மேலே போனாலும் உடல்நலத்தைவிட ருசிக்கும் துணிக்கும்தான் சேதம்.

தண்ணீரைச் சல்லடைக் கண் வழியாகத் தொட்டியில் விழச் செய்து, ஓர் இரவு வைத்திருந்து, மணல் வடிகட்டி வழியாக எடுத்தால் மிதமான இரும்பு நின்றுவிடும். பிடிக்கும்போதே சிவப்பாக வந்து, மோட்டார் ஓட ஓடத் தெளிந்தால் அது குழாயின் துரு. தெளியவே இல்லை என்றால் செம்மண் உள்ளே இறங்குகிறது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

கழிவறைப் பீங்கான் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். உட்சுவரில் வழவழப்பான செம்பழுப்புப் பாசி படிந்திருந்தால் இரும்பை உண்டு வாழும் பாக்டீரியா. நோய் தராது, ஆனால் குழாயை அடைக்கும், நாறும். போருக்குக் குளோரின் போட வேண்டும். தண்ணீரின் மேல் எண்ணெய் மாதிரி வானவில் படலம் மிதந்தால் ஒரு குச்சியால் கீறிப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்தால் இதே பாக்டீரியா. கீறிய இடம் மறுபடி கூடிக்கொண்டால் உண்மையான எண்ணெய். எண்ணெய் நிரப்பிய நீர்மூழ்கி மோட்டார் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் துருக்கறை பட்டுவிட்டால் கழிவறைக்கு வைத்திருக்கும் ஆசிடை எடுக்காதீர்கள். அந்தக் கல் சிமெண்டால் ஆனது. கறையோடு பூவும் போய்விடும்.

அழுகிய முட்டை நாற்றம்

மூன்று தம்ளரில் எதில் நாற்றம் என்பதை இங்கே மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். தம்ளரைப் பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து தள்ளி முற்றத்துக்குக் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். அங்கே நாற்றம் இல்லையென்றால் குற்றவாளி தண்ணீரே இல்லை. பூட்டிய வீட்டில் கழிவுநீர்க் குழாயின் வளைவில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிப்போய், சாக்கடை வாயு நேராக மேலே வருகிறது. ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது.

வெந்நீரில் மட்டும் நாறினால் கீசருக்குள் இருக்கும் மக்னீசியத் தண்டு காரணமாக இருக்கலாம். குளிர்ந்த தண்ணீரும் போர்வாயிலேயே நாறினால், தேங்கி நின்றபோது கந்தகப் பாக்டீரியா உருவாக்கிய ஹைட்ரஜன் சல்பைடு. பெரும்பாலும் ஒரு மணி நேரம் இறைத்ததும் குறையும். குறையாவிட்டால் குளோரின்.

பால் மாதிரி வெள்ளை

தம்ளரை மேசையில் வைத்து இரண்டு நிமிடம் பாருங்கள். வெள்ளை அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் வெறும் காற்றுக்குமிழி, குடிக்கலாம். ஆனால் போரில் நீர்மட்டம் இறங்கி மோட்டார் காற்றையும் சேர்த்து உறிஞ்சுகிறது என்பதற்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம். கோடையில் இப்படி வந்தால் மோட்டார் வெறுமனே ஓடி எரிவதற்கு முன் நிறுத்துங்கள். வெள்ளை கீழே படிந்தால் சுண்ணாம்புத்தூள் அல்லது களிமண்.

பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை

கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மக்னீசியமும். ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு நல்ல தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி. கொதிக்க வைத்த பாத்திரத்தில் வெள்ளைச் செதில் படிவதைப் பார்த்துச் சிறுநீரகத்தில் கல் வந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் நிறைய. கல் சேர்வதற்குப் போதுமான தண்ணீர் குடிக்காததுதான் பெரிய காரணம். படிகாரம் போட்டால் கலங்கல் தெளியுமே தவிர, கடினத்தன்மை போகாது. கொதிக்க வைத்து ஆறவைத்துத் தெளிவை இறுத்தால் ஒரு பகுதி குறையும். பருப்புக்கு அது போதும்.

உப்புக் கரிப்பு

எப்போதும் கரித்தால் பூமியின் குணம். கோடையில் கரித்து மழைக்குப் பின் குறைந்தால் நீர்மட்டத்தின் குணம். ஆனால் இத்தனை வருஷம் நன்றாக இருந்த போர் திடீரென்று கரித்தால் செப்டிக் டேங்கை நினைத்துக்கொள்ளுங்கள். மனிதக் கழிவில் குளோரைடு நிறைய உண்டு. ஆய்வு அறிக்கையில் குளோரைடும் நைட்ரேட்டும் சேர்ந்து ஏறியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

குழாயடியில் பச்சைக் கறை

தண்ணீர் அமிலப் பக்கம் சாய்ந்திருக்கிறது. பி.எச். அளவு 6.5-க்குக் கீழே போனால் பித்தளைத் தலைகளையும் செம்பையும் அரிக்கும். அப்படிப்பட்ட தண்ணீரைச் செப்புக் குடத்தில் இரவு முழுவதும் வைத்துக் காலையில் குடிக்கும் பழக்கத்தை நிறுத்திவிடுங்கள். குழாயில் இரவு நின்ற தண்ணீரை, காலையில் ஒரு வாளி விட்டுவிட்டுப் பிறகு சமையலுக்கு எடுங்கள்.

மழை பெய்தால் கலங்குகிறது

இதுவரை சொன்னவற்றில் நான் உண்மையாகவே பயப்படுவது இதற்குத்தான். 300 அடிக்குக் கீழே இருக்கும் தண்ணீருக்கு, நேற்றுப் பெய்த மழை இன்று தெரியக்கூடாது. தெரிகிறதென்றால் மேல்மண் தண்ணீர் குறுக்குவழியில் உள்ளே இறங்குகிறது. மேல்மண்ணில் மாட்டுச் சாணமும் செப்டிக் டேங்க் கசிவும் இருக்கும்.

போர்வாயில் உட்கார்ந்து பாருங்கள். கேசிங் குழாய் தரைக்கு மேல் ஓரடியாவது நிற்கிறதா? மூடி இறுக்கமா, அல்லது சாக்கைச் சுற்றிக் கல்லை வைத்திருக்கிறார்களா? குழாயைச் சுற்றி நாலு பக்கமும் வெளிச்சரிவாகச் சிமெண்ட் மேடை உண்டா, அல்லது விரல் நுழையும் இடைவெளியில் மண் உள்வாங்கிக் கிடக்கிறதா? நான் பார்த்த பல கொல்லைகளில் போர் தரைமட்டத்துக்கு வெட்டப்பட்டு, மேலே கடப்பைக் கல் போட்டு மூடப்பட்டிருக்கும். நடக்க இடைஞ்சல் இல்லாமல் இருக்கட்டும் என்று செய்த வேலை. மழை பெய்தால் கொல்லைத் தண்ணீர் முழுவதும் அந்தக் கல்லுக்கடியில்தான் போகும்.

தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது, சில வீடுகளில் கூரைத் தண்ணீரை வடிகட்டி எதுவும் இல்லாமல் நேராகப் போருக்குள்ளேயே விட்டார்கள். அப்படியிருந்தால் அதை மணலும் ஜல்லியும் போட்ட குழி வழியாகத் திருப்பிவிடுங்கள். கொல்லையில் வற்றிப்போன பழைய கிணறு இருந்தால், அதை யாரும் கழிவுநீர்க் குழியாக்கவில்லை என்பதையும் உறுதி செய்யுங்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். போருக்கும் செப்டிக் டேங்குக்கும் 50 அடி தூரமாவது வேண்டும். 100 அடி இருந்தால் நிம்மதி.

ஓட்டையை அடைத்த பிறகுதான் குளோரின். அடைக்காமல் போட்டால் அடுத்த மழை வரைதான் பலன். மேலே சொன்ன 1300 லிட்டர் போருக்கு 300 கிராம் புதிய பிளீச்சிங் பவுடர் போதும். பழைய பொட்டலத்தில் வீரியம் இருக்காது. பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் கரைத்து, கசடு படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் போருக்குள் ஊற்றுங்கள். மோட்டாரைப் போட்டு எல்லாக் குழாயிலும் குளோரின் வாசனை வரும்வரை திறந்துவிட்டு, மூடி, ஓர் இரவு விடுங்கள். அதுவரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. மறுநாள் வாசனை போகும்வரை வெளியே இறைக்க வேண்டும், ஆனால் ஊருணிப் பக்கமோ செடிகளுக்கோ விடாதீர்கள். துருவை எடுக்கிறேன் என்று அதே சமயம் யாராவது ஆசிட் ஊற்ற வந்தால் கையைப் பிடித்துத் தடுங்கள். இரண்டும் சேர்ந்தால் கிளம்பும் நச்சு வாயு ஆளைச் சாய்த்துவிடும்.

வந்த விருந்தாளிகளுக்கு மட்டும் வயிற்றுப்போக்கு

"நாங்கள் குடிக்கிறோமே, எங்களுக்கு ஒன்றும் இல்லையே" என்று வீட்டைப் பார்த்துக்கொள்பவர் சொல்வார். அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். அவர் உடம்பு பழகியிருக்கும். வெளியூரிலிருந்து வந்த குழந்தைகளுக்குப் பழகியிருக்காது. அன்றிலிருந்தே எல்லாருக்கும் கொதித்த தண்ணீர், தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். குழந்தைக்குப் போக்கு நிற்காவிட்டாலோ, சோர்ந்து கண் குழி விழுந்தாலோ தண்ணீரைச் சோதிப்பது அப்புறம், முதலில் மருத்துவமனை.

கடையில் கிடைக்கும் பாக்டீரியாச் சோதனைப் புட்டியில் கோடு வரை தண்ணீர் ஊற்றி, சாதாரண அறை வெப்பத்தில் வைத்தால் ஒன்றிரண்டு நாளில் கறுத்தால் கழிவுக் கலப்பு இருக்கலாம் என்று பொருள். இது ஹைட்ரஜன் சல்பைடு உண்டாவதை வைத்துச் சொல்லும் சோதனை. ஆகவே முட்டை நாற்றம் உள்ள போரில் பொய்யாகவும் கறுக்கும். அங்கே ஆய்வகத்தை மட்டும் நம்புங்கள்.

எந்தக் குறையும் இல்லை

சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த காரைக்குடி நாக்குக்குத் தண்ணீர் ருசி நன்றாகத் தெரியும். அந்த நாக்காலும் கண்டுபிடிக்க முடியாதவை மூன்று: ஃபுளோரைடு, நைட்ரேட், கிருமி.

ஃபுளோரைடு பாறையிலிருந்து கரைந்து வருவது. திருமயம் பக்கம் போகப் போகக் கெட்டிப் பாறை, காரைக்குடிப் பக்கம் மணற்பாறையும் செம்பறாங்கல்லும். ஒரே ஊரில் இரண்டு போருக்குக்கூட அளவு மாறும் என்பதால் பக்கத்து வீட்டு அறிக்கை உங்களுக்கு உதவாது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 1.5. அதைத் தாண்டிய தண்ணீரைப் பல் முளைக்கும் வயதில் குடித்தால் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் நிரந்தரமாக விழும். மிக அதிகமான அளவை ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். தெருவில் எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் பலருக்கு ஒரே மாதிரி பல் கறை இருந்தால் அதுதான் இந்தத் தண்ணீர் காட்டும் ஒரே அறிகுறி, அதுவும் தாமதமாக.

நைட்ரேட்டுக்கு வரம்பு 45 மில்லிகிராம், தளர்வு கிடையாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் பால்பவுடர் கலக்கிக் கொடுத்தால் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பூக்கலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஃபுளோரைடும் நைட்ரேட்டும் சாகாது. தண்ணீர் ஆவியாகப் போவதால் மிஞ்சியதில் அவற்றின் செறிவு இன்னும் கூடும்.

இங்கே, கரைந்த உப்பை மதிப்பிடும் டி.டி.எஸ். மீட்டரோடு வரும் சுத்திகரிப்பு இயந்திர விற்பனையாளரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வளவில் இரண்டு தம்ளரை வைப்பார், ஒன்றில் போர்த் தண்ணீர், ஒன்றில் சவ்வு வழியாக உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீர். தண்டுகள் நீட்டிய ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி மின்சாரம் கொடுப்பார். போர்த் தண்ணீர் பொங்கிப் பழுப்புச் சேறாகும், மற்றது அப்படியே இருக்கும். "பாருங்கள் ஆச்சி, இதைத்தான் குடிக்கிறீர்கள்" என்பார். அந்தச் சேறு தண்ணீரில் இருந்ததே இல்லை. கருவியின் இரும்புத் தண்டு கரைந்து வந்த துரு. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும், தண்டு கரையும். உப்பு நீங்கிய தண்ணீரில் பாயாது. அவருடைய ஆர்.ஓ. தம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். அதுவும் சேறாகும்.

மீட்டர் காட்டும் எண்ணும் அப்படித்தான். கரைந்த உப்புகளின் மொத்தத்தை மின்கடத்தலை வைத்து அது மதிப்பிடுகிறது. 300 என்று காட்டும் தண்ணீரில் ஃபுளோரைடு 2 இருக்கலாம், மலக்கிருமி இருக்கலாம். 900 என்று காட்டுவது குடிக்கப் பாதுகாப்பாக இருக்கலாம். தரநிலைப்படி 500 வரை ஏற்கத்தக்கது, 2000 வரை வேறு வழியில்லாவிட்டால் அனுமதி.

ஆக, ஆய்வகம்தான். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் நீர் ஆய்வகம் உண்டு; செட்டிநாட்டு ஊர் சிவகங்கை மாவட்டத்திலா புதுக்கோட்டை மாவட்டத்திலா என்பதைப் பொறுத்து எங்கே போவதென்று பாருங்கள். கட்டணத்தையும், கிருமிச் சோதனைக்கு எந்த நாளில் மாதிரி வாங்குகிறார்கள் என்பதையும் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

மாதிரி பிடிப்பதில்தான் பாதி அறிக்கை கெடுகிறது. ரசாயனச் சோதனைக்கு, மோட்டாரைக் கால் மணி நேரமாவது ஓடவிட்டு, புதிய பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, இரண்டு லிட்டர் நிரப்புங்கள். குளிர்பான பாட்டில் வேண்டாம். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய புட்டி மட்டும். அதை அலசவே கூடாது. உலோகக் குழாயின் வாயைத் தீயில் வாட்டி, தண்ணீரைச் சிறிது ஓடவிட்டு, மூடியின் உட்பக்கம் விரல் படாமல் பிடித்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் கொடுக்கப் பாருங்கள். எந்த நிலையிலும் 24 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. போரில் குளோரின் போட்டு ஒரு வாரமாவது ஆகாமல் இந்த மாதிரியைப் பிடித்தால், கிருமி இல்லை என்ற பொய்யான நிம்மதிதான் கிடைக்கும்.

அறிக்கை வந்ததும் மேலிருந்து கீழே படிக்காதீர்கள். முதலில் ஈ. கோலி என்ற மலக்கிருமி: 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அடுத்து நைட்ரேட், அடுத்து ஃபுளோரைடு. இந்த மூன்றும் சரியென்றால் மீதியை நிதானமாகப் படிக்கலாம்.

ஈ. கோலி இருந்தால் போர்வாயைச் சரிசெய்து குளோரின், அதன் பின் மறுசோதனை. அதுவரை தொட்டித் தண்ணீருக்கு 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், அரை மணி நேரம் கழித்துப் பயன்பாடு. நைட்ரேட் இருந்தால் கழிவு எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். குழந்தைக்கு வேறு தண்ணீர். ஃபுளோரைடுக்கு ஆர்.ஓ. உண்மையாகவே உதவும், அதன் சவ்வை நேரத்துக்கு மாற்றினால். ஆண்டில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் தானே ஒரு கிருமிப் பண்ணையாகிவிடும். திறந்ததும் வடிகட்டிகளை மாற்றாமல் குடிக்காதீர்கள்.

குடிக்கவும் சமைக்கவும் மட்டும் மழைநீரைப் பிடிப்பது இங்கே இன்னும் எளிது. நாலு பக்கக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரியும்படி கட்டிய வீடுகள். தகரத் தாழ்வாரக் குழாய்கூடப் பல வீடுகளில் அப்படியே இருக்கிறது. 100 சதுர மீட்டர் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால், சிதறுவது போக 8000 லிட்டர் தேறும். ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர் என்று வைத்தால் ஐந்து பேர் குடும்பத்துக்குப் பத்து மாதத்துக்கு மேல் வரும். ஓடு கழுவி வரும் முதல் மழையை விட்டுவிட்டு, வெளிச்சம் புகாத மூடிய தொட்டியில் பிடித்து, கொதிக்க வைத்துக் குடியுங்கள். மழைநீரில் ஃபுளோரைடு இல்லை என்று சொல்லிவிடலாம். பறவை எச்சம் இல்லை என்று சொல்ல முடியாது.

ரசாயனச் சோதனை ஆண்டுக்கு ஒரு முறை, நீர்மட்டம் இறங்கிய சித்திரை, வைகாசியில். கிருமிச் சோதனை வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஒரு முறை, விசேஷத்துக்கு வீடு திறக்கும்போது ஒரு முறை. போரை ஆழப்படுத்தினாலோ, பக்கத்தில் புதிதாகச் செப்டிக் டேங்க் தோண்டினாலோ பழைய அறிக்கை செல்லாது; புதிதாகக் கொடுத்துப் பாருங்கள்.